‘மறைக்கிறார்’ என்று நான் எழுதியது

போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த என் தங்கையைப் பார்க்க வந்தபோது, டாக்டர்கள் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தீர்கள். உங்களில் ஒருவர் ஒரு கதை சொன்னார். யாரென்று எழுதமாட்டேன், அவருக்குத் தெரியும். ஆலங்குளத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சள் காமாலையோடு வந்திருக்கிறார். என்ன மருந்து சாப்பிட்டீர் என்று எப்படிக் கேட்டாலும் ஒன்றும் இல்லை என்கிறாராம். “எல்லாவனும் கஷாயத்தைக் குடிச்சிட்டு வந்து நம்மகிட்ட பொய் சொல்லுதான் மேடம்” என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்த நான்கு பேரும் சிரித்தீர்கள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பீர்கள். அங்கே இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருத்தி சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லியிருப்பேன். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் போகவில்லை. அதில் பாதி உங்கள் மேல். மீதி, இதே ஊரில், இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொன்ன என் மேல்.

முப்பது வருஷத்துக்கு மேல் தென்காசியில் பொது மருத்துவம் பார்த்தேன். மருந்தால் ஈரல் கெட்டுப்போன கேஸ்களில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெயர் ஓர் ஆட்டோ ஓட்டுநரால் வந்தது. காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தினமும் வாந்தி. போன இடத்தில் எல்லாம் பித்தம் என்றும், மாத்திரையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது கண்ணும் மஞ்சள், பேச்சும் கொஞ்சம் குழறியது. நான் அன்றைக்கே எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். காசநோய் மருந்தை நிறுத்துவதா என்று இரண்டு இடத்திலிருந்து போனில் ஏச்சு வாங்கினேன். நிறுத்தியது சரி. ஈரல் மீண்டது. பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாக ஆரம்பித்து, எது கெடுத்தது என்று பார்த்து, அதை விட்டு மற்றதைக் கொடுத்து நோயையும் குணமாக்கினோம். அந்த மனிதர் இன்றும் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார்.

அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு மஞ்சள் கண்ணோடு யார் வந்தாலும் முதலில் ஒரு குற்றவாளியைத் தேட ஆரம்பித்தேன். மாத்திரை, பொடி, லேகியம், உடம்பு இளைக்க விற்கிற மாவு. பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்ததும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைப் போல ஆபத்தான சந்தோஷம் நம் தொழிலில் வேறு இல்லை.

வடிவு அப்போதுதான் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். போலீஸில் முதல்நிலைக் காவலர், முப்பத்தாறு வயது. கடையம் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, சீருடையோடு வந்து வரிசையில் நின்றார். போலீஸ் என்று சொல்லி முன்னால் வரவில்லை. கண் நல்ல மஞ்சள். ரொம்ப நாளாகவே அசதி, விரல் மூட்டும் முழங்காலும் வலி என்றார். வைரஸ் காமாலைக்கான பரிசோதனைகள் எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை. ஈரல் நொதிகள் மட்டும் எகிறிக் கிடந்தன.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். இப்போது ஒன்றும் இல்லை என்றார். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை குரலை உயர்த்தியபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சீசனில் குற்றாலத்தில் அவருக்குப் பந்தோபஸ்து. நாள் முழுக்கச் சாரலில், ஈரப் பாறையில் நிற்கிற வேலை. வலி தாங்க முடியவில்லை. சீசனுக்கு வந்து கடை போட்டிருந்த ஒருவரிடம் மூட்டுவலிப் பொடி வாங்கியிருக்கிறார்.

“தின்னது வாஸ்தவம் டாக்டரம்மா. ஆனா அது தீந்து...”

நான் அதற்கு மேல் விடவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. அவ்வளவு பேரும் கேட்கும்படி ஏசினேன்.

“ஏட்டி, போலீஸ்காரிதானே நீ? ரோட்டுல எவனோ விக்கிற பொடிய வாங்கித் தின்னுட்டு வந்து எங்கிட்ட ஒண்ணும் இல்லங்கியே.”

 வெளியே ஒருவர் சிரித்தது எனக்கே கேட்டது. அவர் கையில் வைத்திருந்த ஓ.பி. நோட்டில் மூலிகைப் பொடியால் வந்த ஈரல் பாதிப்பு என்று எழுதி, பொடியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கேஸ் முடிந்தது. எனக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

‘தீந்து’ என்ற சொல்லுக்குப் பிறகு அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குப் பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த வாரங்களில் மஞ்சள் குறைந்தது. நொதிகள் பாதிக்கு இறங்கின. பாதிக்குத்தான், சரியான அளவுக்கு ஒருபோதும் வரவில்லை. மெதுவாகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாம் நினைத்தபடி நடக்கிற பாதியை மட்டும் பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கிறது. ரவுண்ட்ஸில் நீங்கள் பேசுவதைக் கேட்டாலே தெரியும்.

பங்குனியில் வடிவு மறுபடியும் வந்தார். மறுபடியும் மஞ்சள், முதல் தடவையைவிட அதிகம். முகம் ஒடுங்கியிருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், திரும்பத் தின்றாயா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்பவில்லை. பிள்ளை மேல் சத்தியம் செய்தார். இத்தனை பேர் இந்த அறையில் சத்தியம் செய்திருக்கிறார்கள், நீ புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு கூசுகிறது.

எங்கள் லேபில் பண்பொழிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார், லேபை விட்டு வெளியே வருவதும் அபூர்வம். அன்றைக்கு வடிவின் ரிப்போர்ட்டை ஆளிடம் கொடுத்து அனுப்பாமல் அவரே கொண்டுவந்தார். தாளின் அடியில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

“குளோபுலினைப் பாருங்க மேடம். பழைய ரிப்போர்ட்டும் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் கூடியேதான் இருக்கு. மருந்தால வந்ததுன்னா இவ்வளவு இருக்குமா?”

ஈரல் பரிசோதனைத் தாளில் நாம் மஞ்சளைக் காட்டும் பிலிருபினைப் பார்ப்போம், நொதிகளைப் பார்ப்போம், மிச்சத்தை மடித்துவிடுவோம். குளோபுலின் என்பது அடியில் கிடக்கிற வரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதனோடோ விடாமல் சண்டை போடும்போது அது ஏறும். அது கூடியிருந்தால் இன்ன நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நின்று ஒரு கேள்வி கேள் என்று சொல்லும். அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்னும் அறுபது பேரைப் பார்க்க வேண்டும், ரிப்போர்ட் கொடுப்பது உங்கள் வேலை, நோய் சொல்வது என் வேலை என்றேன். நோயாளி முன்னாலேயே சொன்னேன். அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு வடிவின் நோட்டை இழுத்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். மூலிகை மருந்து எடுப்பதை மறைக்கிறார். இவர் சொல்வதை நம்ப முடியாது. எழுதிக் கையெழுத்தும் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று நினைத்தேனோ, தெரிந்தாலும் என்ன என்று நினைத்தேனோ, இப்போது நினைவில்லை. இரண்டில் எதுவானாலும் கேவலம்தான். வடிவு நோட்டை வாங்கி, நின்றபடியே படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

வராததை நான் கவனிக்கவும் இல்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போலீஸ் ஜீப் ஒன்று எமர்ஜென்சி வாசல் வரை ஏறி வந்து நின்றது. குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த காவலர் ஒருவர் ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார் என்றார்கள். இறக்கிப் படுக்க வைத்த பிறகுதான் வடிவு என்று தெரிந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். வயிறு வீங்கியிருந்தது. நாடி கைக்குச் சிக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் நடந்து வந்த பெண், ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்து வந்திருக்கிறார்.

அன்றைக்குப் பணியில் இருந்த இளம் டாக்டர் கெட்டிக்காரர். என்னோடு சேர்ந்து வேலையைச் சரியாகச் செய்தார். ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தோம், மருந்து போட்டோம், திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னோம். இடையில் அவர் வடிவின் பையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், “மேடம், இது பொடி கேஸ். ஒத்துக்கவே மாட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

அவர் குரலில் நான் இருந்தேன். என்னிடம் கற்றுக்கொண்டதை என்னிடமே ஒப்பித்தார். அவரை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அந்த நேரத்தில் லேப்காரர் ரத்த மாதிரி வாங்க வந்தவர், பழைய ரிப்போர்ட்டுகளின் நகல்களையும் கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்.  ஒவ்வொன்றிலும் அதே வரியில் அதே வட்டம். மூட்டுவலி, அசதி, முப்பது சொச்சம் வயதுப் பெண், ஏறி இறங்கி ஏறுகிற நொதிகள், வைரஸ் இல்லை, மதுப் பழக்கம் இல்லை, குளோபுலின். மருத்துவக் கல்லூரி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிற நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் அடக்கலாம். நான் பத்து மாதமாகப் பொடிக்காரனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வடிவின் காதருகே குனிந்து கேட்டேன். பொடி எப்போது தீர்ந்தது?

“ஆடியிலேயே தீந்துட்டு டாக்டரம்மா. கடையும் போய்ட்டு. அதத் தின்ன வரைக்கும் வலி இல்லாம நல்லாத்தான் இருந்தேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் கண்ணு மஞ்சளாச்சு. அன்னைக்கே சொல்ல வந்தேன்.”

பொடி தீர்ந்து இரண்டு மாதம் கழித்து வந்த காமாலை. அந்த ஒரு தகவலை முழுதாகக் கேட்டிருந்தால் என் தீர்ப்பு ஆட்டம் கண்டிருக்கும். பின்னாளில் திருநெல்வேலியில் அவரைப் பார்த்த ஈரல் நிபுணர் ஒரு சந்தேகம் சொன்னார். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கலாம், அதனால்தான் வலியும் அடங்கி, ஈரலில் இருந்த தீயும் மூடிக் கிடந்திருக்கிறது, நிறுத்தியதும் கிளம்பிவிட்டது என்றார். நிரூபிக்க முடியாது, பொடியில் ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. அப்படிக் கலந்து விற்றவனை நான் மன்னிக்கவில்லை. என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் ஜனங்களைத் தின்னவைக்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் சாகும்வரை போகாது. ஆனால் அவன் பெயரைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவன் படித்தவன் இல்லை. அவனிடம் நான்கு ரிப்போர்ட்டும் இல்லை.

ஆம்புலன்ஸ் கிளம்புமுன் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். என் பழைய குறிப்பு தவறு, இது தன்னெதிர்ப்பு ஈரல் நோயாக இருக்கும், அதற்கான பரிசோதனைகளை உடனே செய்யுங்கள் என்று. கடிதத்தை நோட்டுக்குள் வைத்து அனுப்பினேன். அங்கே ரத்தப்போக்கை நிறுத்தி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் விசாரிக்கப் போன் செய்தேன். எடுத்த டாக்டர், நோயாளி பொடி சாப்பிட்டதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேட்கப்போகிறோம் என்றார். என் கடிதம் எங்கே என்று கேட்டேன். நோட்டில் எழுதியிருந்ததைத்தான் பார்த்தோம் என்றார்.

அந்தப் பெண் ரத்தம் கக்கிப் படுத்திருக்கிறார். இரண்டு நாளாக ஒவ்வொருவராக வந்து, உண்மையைச் சொல்லும்மா என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய இரண்டு வரி எனக்கு முன்னால் ஐம்பது கிலோமீட்டர் போய் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. போனில் கத்தினேன். பிறகு ஒரு நாள் விடுப்புப் போட்டு, பஸ் ஏறி நேரில் போய், நிபுணரைப் பார்த்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் நல்லவர், உடனே பரிசோதனைகளுக்கு எழுதினார். ரத்தப் பரிசோதனையும் ஈரல் சதைப் பரிசோதனையும் வந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள், பின்னால் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். சில மாதங்களில் நொதிகள் சரியான அளவுக்கு வந்தன. வயிற்று வீக்கம் வடிந்தது. ஆனால் சுருங்கிய ஈரல் சுருங்கியதுதான். நான் முதலில் பார்த்தபோதே கொஞ்சம் தழும்பு இருந்திருக்கும் என்று நிபுணர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருந்திருக்கலாம். அதற்கு மேல் பத்து மாதம் எரியவிட்டது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் மறுபடி சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். நோயாளிகள் பொய் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். நாம் ஏசுவோம் என்று பயந்துதான் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். எதையாவது தின்றேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் அங்கே விசாரணை முடிந்துவிடவில்லை. எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது, நோய் எப்போது வந்தது என்று தேதி கேளுங்கள். மருந்தை நிறுத்தியும் ஈரல் முழுதாகச் சரியாகவில்லை என்றால் ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் முடிவைச் சந்தேகப்படுங்கள். லேபிலிருந்து ஒருவர் படியேறி வந்து ஒரு தாளைக் காட்டினால் எழுந்து நின்று வாங்குங்கள். அந்த ஆலங்குளத்துக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. அவர் பொய்யே சொல்லியிருக்கலாம். நீங்கள் சிரித்ததற்கு அது சமாதானம் ஆகாது.

வடிவு திருநெல்வேலிக்குப் போய் ஏழு மாதம் கழித்து என்னிடம் வந்தார். விருப்பப்பட்டு வரவில்லை. மாதாமாதம் ரத்தம் பார்த்து மாத்திரை அளவு எழுத வேண்டும், அதற்குத் தென்காசிதான் பக்கம், அதனால் வந்தார். ஸ்டீராய்டில் முகம் வட்டமாகியிருந்தது. ஸ்டேஷனில் எழுத்து வேலைக்கு மாற்றியிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை ‘நீ’ என்று சொல்லவில்லை, ‘நீங்கள்’ என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க ஏசுனது எனக்குப் பெருசில்ல. நாங்களும் ஸ்டேஷன்ல ஏசத்தான் செய்யுதோம். ஆனா ஒருத்தன் பொய் சொல்லுதான்னு எழுதணும்னா எங்களுக்குச் சாட்சி வேணும் டாக்டரம்மா. நீங்க யாரைக் கேட்டு எழுதுனீங்க?”

யாரையும் கேட்கவில்லை என்றேன்.

அவர் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அந்த இரண்டு வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன். அடித்தால் போதாது, ஏன் அடித்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார், தமிழில். எழுதினேன். ‘நோயாளி ஆரம்பத்திலிருந்து சொன்னது உண்மை. நான் முழுதாகக் கேட்கவில்லை.’ கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

வாக்குமூலத்தைச் சரிபார்ப்பதுபோல இரண்டு தடவை படித்தார். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டை மறுபடி என் பக்கம் தள்ளினார்.

“உங்க டாக்டர் பதிவு எண்ணையும் போடுங்க.”

போட்டேன்.